பன்னிரண்டு வினாடி மௌனத்துக்கு ஒரு விண்ணப்பம்

வடகடல் ஒலிபரப்புக் கழகத்தில் ஒரு நகைச்சுவை நேயரின் காதுக்குப் போவதற்கு முன்னால் பதினோரு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கென்று பதினான்காம் எண் படிவம் இருந்தது. நகைச்சுவை யாரைப் பற்றியது, அவருக்கு இதில் சம்மதமா, நேயர் எந்த இடத்தில் சிரிப்பார், சிரிக்காவிட்டால் மாற்று ஏற்பாடு என்ன என்றெல்லாம் கேட்டுவிட்டு, ஏழாவதாக ‘இது உண்மையில் நடந்ததா?’ என்றும் அது கேட்கும். கீழே சம்பந்தப்பட்டவர் கையெழுத்துப் போட வேண்டும்.

மார்லின் ஹெப்டன் இருபத்து நான்கு வருடமாகச் சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை அந்தக் கழகத்தின் வானொலியில் நேரடியாகப் பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய நகைச்சுவைகளில் பத்துக்கு ஒன்பது கணவர் கிளிஃபைப் பற்றியது. ஆகவே வியாழக்கிழமை சாயங்காலம் தோறும், கிரிம்ஸ்பியில் அவர்கள் வீட்டுச் சமையலறையில், கிளிஃப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிவங்களோடு உட்காருவார். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். எந்த நிறுத்தத்தையும் விட்டுவிட்டுப் போகாதவர். படிவத்திலும் எந்தக் கட்டத்தையும் விடமாட்டார்.

“இந்த வாரம் எத்தனை?”

“ஒம்போது.”

“எதுலயாவது நான் புத்திசாலியா வர்றேனா?”

“ஒண்ணுல கொஞ்ச நேரம் வர்ற. அப்புறம் ஏணியிலேர்ந்து விழுந்துடற.”

“நான் ஏணியில ஏறினதே இல்லியேம்மா.”

“அதுக்குத்தானே ஏழாவது கேள்வி இருக்கு. இல்லைன்னு டிக் பண்ணு.”

கிளிஃப் ‘இல்லை’ என்ற கட்டத்தில் நிதானமாக டிக் போடுவார். படிவம் வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் படிவங்கள், அத்தனையிலும் ‘இல்லை’தான். உண்மையான கிளிஃப் ஏணியில் ஏறுவதில்லை, குடித்துவிட்டுத் தடுமாறுவதில்லை, மாமியாரை மறந்து பெட்ரோல் பங்கில் விட்டுவிட்டு வந்ததும் இல்லை. அவரை வைத்துப் பேச உண்மையில் ஒன்றுமே கிடையாது என்பதால்தான் எல்லாவற்றையும் மார்லின் கற்பனை செய்ய வேண்டியிருந்தது.

அந்த வியாழக்கிழமை ஒன்பதாவது படிவத்தில் கிளிஃப் கொஞ்சம் நின்றார்.

“‘நான் செத்துப்போயிட்டா நீ என்ன பண்ணுவே?’ன்னு என்னைக் கேக்கறியாம். நான் ரொம்ப நேரம் யோசிக்கிறேனாம்.”

“ஆமா.”

“யோசிச்சுட்டு, ‘எந்தக் கிழமை? புதன்னா குப்பைத்தொட்டிய வெளிய வைக்கணும்’கறேனாம்.”

“நல்லாருக்கா?”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ இப்படிக் கேட்டதே இல்லியே.”

“கேட்டா என்ன சொல்லியிருப்பே?”

“எனக்கென்ன தெரியும்? இதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ,” என்று சொல்லிவிட்டு ‘இல்லை’யில் டிக் போட்டார்.

நகைச்சுவையில் இனி ஒரே ஒரு சிக்கல்தான் பாக்கி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே பன்னிரண்டு வினாடி மௌனம் வேண்டும்.

மௌனம்தான் மார்லினின் தொழில். இளவயதில் மீன் துறைமுகத்தில் கத்தியும் கையுமாக நின்றவள், சாயங்காலங்களில் தொழிலாளர் மனமகிழ் மன்றங்களில் மேடையேறினாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. யார் மேடையில் இருந்தாலும், எந்த வரியில் இருந்தாலும், மன்றச் செயலாளர் தன் மைக்கைப் பிடித்து, “மீட் பை வந்தாச்சு!” என்று, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பண்டம் வந்ததை அறிவித்துவிடுவார். கூட்டம் மொத்தமும் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போகும். மற்ற கலைஞர்கள் கத்திப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், அழுதும் பார்த்தார்கள். மார்லின் மட்டும் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, எதுவும் பேசாமல் அப்படியே நின்றாள். மீட் பை வாங்கப் போனவன் வரிசையில் நின்றபடியே, ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். அன்றைக்குத்தான் அவளுக்குத் தொழில் பிடிபட்டது.

ஆனால் வானொலிக்கு மௌனம் ஆகாது. ஒலிபரப்பில் பத்து வினாடி சத்தம் இல்லையென்றால், கட்டடத்தில் ஏதோ விபரீதம் என்று முடிவுகட்டி, அவசரத்துக்கு வைத்திருக்கும் பதிவைத் தானாகவே ஓடவிடும் ஒரு பெட்டி கழகத்தில் இருந்தது. காவல் பெட்டி என்று அதற்குப் பெயர். இருபத்து நான்கு வருடமாக மார்லின் ஒன்பது வினாடியோடு நிறுத்திக்கொண்டு காலம் தள்ளியிருந்தாள். இந்த நகைச்சுவைக்கு ஒன்பது போதவில்லை. ஒன்பது வினாடியில் பதில் சொல்கிற கணவர் மனைவியைப் பற்றி யோசித்தது போலிருந்தது. பன்னிரண்டு ஆனால்தான் குப்பைத்தொட்டியைப் பற்றி யோசித்தது போலிருந்தது.

ஆகவே கூடுதலாக மூன்று வினாடி கேட்டு விண்ணப்பம் போட்டாள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்க வேண்டியவர் ஜைல்ஸ் விதரிங்டன். தொனி மற்றும் நல்லுறவுத் துறைக்குத் தலைவர், போன வருடம்தான் தலைநகரிலிருந்து வந்தவர். சனிக்கிழமைக் காலை நேரத்தை மார்லினிடமே விடுவதா, வேறு ஏதாவது செய்வதா என்று மாதக் கடைசியில் முடிவு செய்யப்போகிறவரும் அவரே. அந்த மூன்று மணி நேரத்தை எடுத்துவிட்டால் மார்லினுக்கு வாரத்தில் ஆறு நாள்தான் மிஞ்சும். அந்த ஆறும் ஏழாவதற்காகத்தான் இருந்தன.

ஹல் நகரத்தில் ஆற்றைப் பார்த்த அறையில் ஜைல்ஸ் அவளை எழுந்து நின்று வரவேற்றார்.

“உங்க விண்ணப்பத்தை ரொம்ப ஆர்வமாப் படிச்சேன், மார்லின். மௌனத்துக்குக் கழகம் எதிரி இல்லை. சொல்லப்போனா, நாங்க மௌனத்தை மதிக்கிறோம். ஆனா மௌனத்தோட உள்ளடக்கத்தை நீங்க இணைக்கலியே.”

“மௌனத்துல என்ன சார் உள்ளடக்கம்?”

“அந்தப் பன்னிரண்டு வினாடியில நேயர் எதையாவது நினைப்பார் இல்லியா? அவர் என்ன நினைப்பார்னு எங்களுக்கு முன்கூட்டியே எழுத்துல வேணும். பேசினதுக்குப் பொறுப்பேத்துக்கறது சுலபம். பேசாததுக்கு நான் எப்படிப் பொறுப்பேத்துக்க முடியும்?”

மார்லின் பேசாமல் இருந்தாள். ஜைல்ஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“இதையேதான் சொல்றேன். இப்ப நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு எனக்குத் தெரியல. சங்கடமா இருக்கு.”

விண்ணப்பம் ஆறு வாரத்தில் பரிசீலிக்கப்படும் என்று ஒதுக்கிவிட்டு, அவர் உற்சாகமான விஷயத்துக்கு வந்தார். அறுபது வயது தாண்டிய ஒலிபரப்பாளர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு நினைவஞ்சலி நிகழ்ச்சியைக் கழகம் முன்கூட்டியே தயாரித்து வைக்கும். மார்லினுடையது முடிந்துவிட்டது. தகவல்களை அவளே ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நல்லது.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து தன் நினைவஞ்சலியை அவள் கேட்டாள். தொகுப்புரை ஜைல்ஸின் குரல். அவருடைய குரல் அவ்வளவு கலங்கி அவள் கேட்டதே இல்லை. ஆனால் அவளை உண்மையில் தூக்கிவாரிப்போட்டது வேறு. ஒத்திகையில் பதிவாகிப் பிறகு படிவத்தில் நிராகரிக்கப்பட்ட நகைச்சுவைகள் அத்தனையும் அதில் இருந்தன. பாதிரியார், பல்செட், பெட்ரோல் பங்கில் மாமியார், எதையும் விடவில்லை.

“இதெல்லாம் ஒலிபரப்பக்கூடாதுன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“நீங்க இருக்கற வரைக்கும் அதெல்லாம் ஆபத்து, மார்லின். அதுக்கப்புறம் பாரம்பரியம். பாரம்பரியத்துக்குப் படிவம் கிடையாது. அதுல ஒரு வினாடியைக்கூட வெட்டறதுக்கு எனக்கே அதிகாரமில்லை.”

“அப்ப செத்தப்புறம்தான் நான் வேடிக்கையா இருக்கலாமா?”

“அதை இவ்வளவு அழகா யாரும் சொன்னதில்லை,” என்று ஜைல்ஸ் நெகிழ்ந்துபோனார். “இன்னொரு நல்ல செய்தி. உங்க நிகழ்ச்சிக்கு அவசரப் பதிவா இதுவரைக்கும் ஏதோ சர்ச் பாட்டை வச்சிருந்தாங்க. அவசரப் பதிவு முழுசா அனுமதி வாங்கின ஒண்ணா இருக்கணும்கிறது விதி. உங்களோடதுல முழுசா அனுமதி வாங்கினது இது ஒண்ணுதான். அதனால இதையே பெட்டிக்குள்ள வச்சுட்டோம்.”

“நான் உயிரோட இருக்கும்போதே ஓடிடுச்சுன்னா?”

“நீங்க நிகழ்ச்சிக்கு நடுவுல பத்து வினாடி பேசாம இருக்கீங்கன்னு வையுங்க. அநேகமா இது பொருத்தமாத்தானே இருக்கும்?”

மார்லின் கையெழுத்துப் போட்டாள். பிறந்த வருடம் சரியாக இருந்தது, கிரிம்ஸ்பிக்கு எழுத்துப்பிழை இல்லை. குறை சொல்ல வேறு என்ன இருக்கிறது?

ஆனால் நகைச்சுவையை மட்டும் அவளால் ஒதுக்கிவைக்க முடியவில்லை. ஒரு நல்ல நகைச்சுவை வாயில் இருக்கிறபோது ஆறு வாரம் காத்திருப்பது தும்மலை அடக்குவது மாதிரி. அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் மைக்கை நெருங்கி, “கல்யாணமாகி நாப்பத்தோரு வருஷம் ஆச்சு. நேத்து கிளிஃபைக் கேட்டேன். ‘ஏம்ப்பா, நான் செத்துப்போயிட்டா நீ என்ன பண்ணுவே?’” என்று சொல்லிவிட்டு நிறுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தயாரிப்பாளர் கெய்ல் விரல்களை மடக்கி எண்ண ஆரம்பித்தாள். ஏழு. எட்டு. ஒன்பது. கெய்லின் பத்து விரலும் மடங்கியதும் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. வட இங்கிலாந்தின் கிழக்குக் கரை முழுவதும், ‘நான் செத்துப்போயிட்டா’ என்று கேட்ட குரல் அடங்கிப் பத்தே வினாடியில், ஜைல்ஸ் விதரிங்டனின் கலங்கிய குரல் பேசியது: “மார்லின் ஹெப்டன் நம்மிடையே இல்லை என்பதை மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்.”

மார்லின் தன் பன்னிரண்டு வினாடியை முடித்துக்கொண்டு குப்பைத்தொட்டியைப் பற்றிச் சொன்னாள். அது யாருக்கும் போய்ச் சேரவில்லை.

பாரம்பரியத்தை நடுவில் நிறுத்தக்கூடாது என்பது விதி. அனுமதிக்காக கெய்ல் ஜைல்ஸை அழைத்தாள். அவர் சனிக்கிழமையன்று தொலைபேசியை எடுப்பதில்லை. மார்லின் தன் வீட்டுக்கு அழைத்தாள், யாரும் எடுக்கவில்லை. கிளிஃப் தோட்டத்தில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். நண்பகல் வரை இருவரும் தேநீர் குடித்தபடி அவள் செத்துப்போனதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பல்செட் ஜோக்குக்கு இப்பவும் சிரிப்பு வருது,” என்றாள் கெய்ல்.

“செத்தவங்க சொன்னா எடுபடும்போல.”

பன்னிரண்டு மணிக்குக் கீழே இறங்கி வந்தபோது வரவேற்பறையில் இருந்த பெண்ணோடு யாரோ தகராறு செய்துகொண்டிருந்தார்.

“கணவர்னே வச்சுக்குவோம், சார். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா பார்வையாளர் அட்டைக்கு நிகழ்ச்சி நடத்தறவங்கதான் அனுமதி தரணும். அவங்க காலையில பத்து மணிக்குக் காலமாயிட்டாங்க.”

“அதுக்குத்தாம்மா வந்திருக்கேன்.”

கிளிஃப் நின்றுகொண்டிருந்தார். கோட்டு இல்லை. தலைமுடி ஒரு பக்கமாக எழும்பி நின்றது. காலில் வீட்டுக்குள் போடுகிற கட்டம்போட்ட கம்பளிச் செருப்பு. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததால் அது ஊறி இரண்டு மடங்காகியிருந்தது. கிரிம்ஸ்பியிலிருந்து ஹல்லுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், பாலத்தைத் தாண்ட வேண்டும்.

படியில் நின்ற மார்லினை அவர் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். அப்படியே எவ்வளவு நேரம் நின்றார் என்று மார்லின் எண்ணவில்லை. அவள் வாழ்க்கையில் எண்ணாமல் விட்ட மௌனம் அது ஒன்றுதான்.

“சும்மாத்தான் வந்தேன். குப்பைத்தொட்டிய வெளிய வச்சிட்டேன்னு சொல்லிட்டுப் போலாம்னு,” என்றார் கடைசியில்.

“இன்னிக்கு சனிக்கிழமை, கிளிஃப்.”

“ஓ,” என்றார் கிளிஃப். “அப்ப உள்ள எடுத்து வைக்கணும்.”

அவள் இறங்கிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கையை அவர் விடவில்லை. குளிர்தான் என்றார்.

அதற்குப் பிறகு நடந்தது அந்த ஊர்க்காரர்களால் மட்டுமே முடிகிற காரியம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணியிலிருந்து அழைப்புமணி ஓயவில்லை. கதவைத் திறப்பவள் மார்லின். எதிரே பக்கத்துத் தெரு மிஸஸ் டக்வெல், கையில் சூடான மீட் பையோடு. செத்துப்போனவளே கதவைத் திறக்கிறாளே என்று கேட்பது மரியாதையாகுமா? மிஸஸ் டக்வெல் சிவந்துபோய், தரையைப் பார்த்தார்.

“வரக்கூடாத நேரத்துல வந்துட்டேனோ?”

“இல்லியே, வாங்க.”

“இல்லம்மா, இருக்கட்டும். இது கிளிஃபுக்கு. தைரியமா இருக்கச் சொல்லு. உன் நிகழ்ச்சி ரொம்ப நல்லாயிருந்தது. நடந்ததை வச்சுப் பாத்தா.”

அன்று மட்டும் பதினாறு பேர் வந்தார்கள். ஒருவர்கூட விஷயத்தைக் கேட்கவில்லை. மலர் வளையத்தோடு வந்த மீன் சந்தைக்காரர் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு தட்பவெப்பத்தைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார். பாதிரியார் மட்டும் சற்றுத் துணிந்து, “பரவாயில்லையா இப்போ?” என்றார்.

“இன்னும் நாலு நாள் இப்படியே இரும்மா,” என்றார் கிளிஃப், மூன்றாவது மீட் பையை வெட்டியபடி. “டக்வெல் அம்மா கைப்பக்குவமே தனி.” ஆனால் வீட்டுக்குள் அவள் எந்த அறைக்குப் போனாலும் ஐந்து நிமிடத்தில் ஏதோ தேடுவது போல அவரும் அங்கே வந்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை ஜைல்ஸ் கூப்பிட்டனுப்பினார். திருத்தம் அறிவிக்கத்தான் என்று நினைத்து மார்லின் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.

“திருத்தம்னா எங்கேயாவது தவறு நடந்திருக்கணும்,” என்றார் ஜைல்ஸ் வருத்தமாக. “ராத்திரியெல்லாம் தேடினேன், மார்லின். பெட்டி சரியா வேலை செஞ்சிருக்கு. பதிவு சரியான பதிவு. தகவல்களை நீங்களே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“நான் உயிரோட இருக்கேனே, சார்.”

“அது ஒரு கோணம். நாங்க எல்லாக் கோணத்தையும் மதிக்கிறோம். ஆனா இதையும் பாருங்க. கழகத்தோட வரலாற்றுலயே இவ்வளவு பேர் கேட்ட சனிக்கிழமை கிடையாது. ஒரு புகார்கூட வரல. இருபத்து நாலு வருஷத்துல உங்க நிகழ்ச்சிக்குப் புகாரே வராத முதல் வாரம் இதுதான். நேயர்களுக்கு என்ன வேணும்னு தெளிவாயிடுச்சு.”

அவருடைய யோசனை எளிமையானது. இனி சனிக்கிழமை தோறும் ‘நினைவில் மார்லின்’. இருபத்து நான்கு வருடப் பதிவுகள் இருக்கின்றன, அலமாரி தீரவே தீராது.

“அப்ப நான் என்ன பண்றது?”

“எதுவுமே பண்ண வேண்டாம். அதுதான் இதுல அழகு. சந்தை, கடற்கரை மாதிரி இடங்களுக்கு மட்டும் கொஞ்சம் அடக்கமாப் போய்வந்தாப் போதும்.”

மார்லின் அடி பட்டுப் பழகியவள். மேடையில் முட்டை வாங்கியிருக்கிறாள், ஒருமுறை நாற்காலியும் வாங்கியிருக்கிறாள். அதெல்லாம் வலிக்கவில்லை. தன் இடத்தைத் தனக்கே தெரியாமல் தன் குரலே பறித்துக்கொண்டு போவதுதான் வலித்தது. அவள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். ஜைல்ஸ் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழாவது வினாடியில் அவளுக்கு ஒன்று தோன்றியது.

“அப்படின்னா கழகத்தோட ஏட்டுல நான் செத்தவதானே?”

“நிர்வாக நோக்கத்துக்காக மட்டும்.”

“நான் பேசறதெல்லாம் பாரம்பரியம்?”

“சந்தேகமில்லாம.”

“எழுத்துல குடுப்பீங்களா சார்? வீட்டுல கிளிஃப் நம்பமாட்டாரு.”

எழுத்தில் கொடுப்பது என்றால் ஜைல்ஸுக்குச் சர்க்கரைப் பொங்கல். உடனே உட்கார்ந்து எழுதினார். நிர்வாக நோக்கங்களுக்காக மார்லின் ஹெப்டன் மறைந்தவராகக் கருதப்படுவார். அவருடைய குரலில் வரும் அனைத்தும் பாரம்பரியச் சேகரிப்பு. படிவம் தேவையில்லை. அதை வெட்டவோ, திருத்தவோ, நடுவில் நிறுத்தவோ எந்த அதிகாரிக்கும், எந்தக் கருவிக்கும் உரிமையில்லை. முத்திரையும் குத்தினார்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு அறிவிப்பாளர், “அடுத்து, நம் பாரம்பரியச் சேகரிப்பிலிருந்து,” என்று தழுதழுத்தார். மார்லின் தன் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, “காலை வணக்கம். செத்தப்புறம் காலையில எந்திரிக்கறது கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கு,” என்றாள். கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துவிட்டு, கெய்ல் எழுந்துபோய்க் காவல் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். எந்தக் கருவிக்கும் உரிமையில்லை என்றுதானே எழுதியிருந்தது.

சனிக்கிழமையில் தொலைபேசியை எடுக்காத ஜைல்ஸ் அன்று நேரிலேயே ஓடிவந்தார். கெய்ல் கதவை மறித்தாள்.

“உள்ள போகாதீங்க சார். சேகரிப்பு ஓடிட்டிருக்கு.”

“அவங்க இப்பப் பேசறாங்க!”

“நிர்வாக நோக்கத்துக்கு இல்லியே.”

ஜைல்ஸ் தன் கையெழுத்தை ஒருமுறை படித்தார். அதில் ஓட்டை இல்லை, அவர் எழுதியதில் எப்போதுமே இருக்காது. நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மார்லின் மைக்கை நெருங்கினாள். “போன வாரம் ஒண்ணு சொல்லிட்டிருந்தேன். நடுவுல யாரோ பேச வந்துட்டாங்க. கிளிஃபைக் கேட்டேன். ‘ஏம்ப்பா, நான் செத்துப்போயிட்டா நீ என்ன பண்ணுவே?’”

நிறுத்தினாள். ஒன்பது போனது, பத்து போனது. ஜைல்ஸ் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டும் போனது. கெய்ல் எண்ணுவதை விட்டுவிட்டாள். கரையோரத்துச் சமையலறைகளில் கரண்டிகள் நின்றன. மார்லின் எழுதிவைத்திருந்த வரி அவளுக்கு முன்னால் காகிதத்தில் இருந்தது. அவள் அதைத் திருப்பி வைத்தாள்.

“ரெண்டு பஸ் மாறி, மழையில, வீட்டுச் செருப்போட வந்து நின்னாரு,” என்றாள். “ஏன்னா அன்னிக்கு சனிக்கிழமை. புதனா இருந்திருந்தா, குப்பைத்தொட்டிய எடுத்து வெளிய வச்சிட்டுத்தான் வந்திருப்பாரு.”

ஜைல்ஸ் சிரித்துவிட்டார். அனுமதி பெறாத ஒன்றுக்குத் தான் சிரித்துவிட்டது உறைத்ததும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கைக்குட்டை பிறகு கண்ணுக்கும் போனது.

இன்றுவரை அந்தக் கழகத்தின் ஏட்டில் மார்லின் இறந்தவள்தான். சனிக்கிழமை தோறும் ஒன்பது மணிக்கு வந்து நேரடியாகப் பேசிவிட்டுப் போகிறாள். திருத்துவதற்கு யாருக்கும் அதிகாரமில்லை.

ஆனால் அந்த ஒலிபரப்புக்கு அடுத்த வியாழக்கிழமை ஒரு உறை வந்தது. மறைந்தவருக்கு விலக்கு உண்டு என்றாலும் நகைச்சுவையில் வரும் கணவர் உயிரோடு இருப்பதால், பின்தேதியிட்டாவது பதினான்காம் எண் படிவம் வேண்டும் என்று ஜைல்ஸ் எழுதியிருந்தார். கிளிஃப் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டே வந்தார். ஏழாவது கேள்விக்கு வந்ததும் பேனா நின்றது.

“இல்லைன்னு டிக் பண்ணு,” என்றாள் மார்லின், அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு.

“பொய் சொல்லச் சொல்றியாம்மா?” என்று கேட்டுவிட்டு, கிளிஃப் முதல் தடவையாக ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்.